ஒன்பது ஆண்டு, ஒரு கோடி டாலர்: லான்ஸ் ஃபிராங்க்ளினை வாங்கிய சிட்னிக்கு என்ன கிடைத்தது?

2013 செப்டம்பர் 28 அன்று மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஹாதார்ன் அணி ஃப்ரீமேண்டிலை 15 புள்ளியில் தோற்கடித்து, ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்தின் தேசிய லீக்கான ஏ.எஃப்.எல்.லின் கோப்பையை வாங்கியது. கொண்டாட்டம் அடங்குவதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது. அந்த அணியின் மிகப் பெரிய நட்சத்திரமான லான்ஸ் ஃபிராங்க்ளின் சிட்னி ஸ்வான்ஸுக்குப் போகிறார். ஒன்பது ஆண்டு ஒப்பந்தம், மொத்தம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர். அப்போது அவருக்கு வயது 26. ஒப்பந்தம் முடியும்போது 35 ஆகியிருக்கும். ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஆட்டத்தில் அவரைப் போல 200 செ.மீ. உயரத்தைத் தொடும் ஒரு ஃபார்வர்ட் அந்த வயது வரை முழு வேகத்தில் ஓடுவது அபூர்வம். பிறகு எதற்கு ஒன்பது ஆண்டு?

சிட்னிக்கு ஆசை கண்ணை மறைத்துவிட்டது என்பதுதான் அன்றைக்குப் பரவலான விளக்கம். அது சரியல்ல. அந்த ஒன்பது என்ற எண், விதிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. அந்தக் கணக்குக்கான விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்டக்காரர்கள். இதைப் புரிந்துகொள்ள ஃபிராங்க்ளின் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வரி. பாக்ஸிங் டே டெஸ்ட் நடக்கிற அதே வட்ட மைதானம்தான் களம். அணிக்கு 18 பேர், முட்டை வடிவப் பந்து. இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள உயரமான இரண்டு கம்பங்களுக்கு இடையே காலால் உதைத்து அனுப்பினால் கோல், 6 புள்ளி. அந்த இடைவெளி 6.4 மீட்டர். அதற்கு இருபுறமும் உள்ள இடைவெளியில் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. குறைந்தது 15 மீட்டர் பறந்து வந்த உதையை, வழியில் யாரும் தொடாமல், கையில் பிடித்தால் அது மார்க். பிடித்தவர் நிதானமாகக் குறிபார்த்து உதைக்கலாம், எதிராளி அவரைத் தொடக் கூடாது. ஃபுல் ஃபார்வர்டின் வேலை சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: பாதுகாவலரை விட்டு விலகி ஓடி மார்க் பிடிப்பது, உதைப்பது.

ஃபிராங்க்ளின் மேற்கு ஆஸ்திரேலியாவின் டவரின் என்ற சிறிய கோதுமை ஊர்க்காரர், நூங்கர் பூர்வகுடி மரபினர். புது இளம் ஆட்டக்காரர்களைக் கிளப்புகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2004-இல், ஹாதார்ன் 2-ஆம் தேர்வாக ஜாரிட் ரஃப்ஹெட்டையும், 5-ஆம் தேர்வாக ஃபிராங்க்ளினையும், 7-ஆம் தேர்வாக ஜோர்டன் லூயிஸையும் எடுத்தது. ஒரு கிளப்பின் அடுத்த பத்தாண்டு ஒரே மாலையில் தீர்மானமானது என்று சொல்லத்தக்க டிராஃப்டுகள் அதிகமில்லை. இது அவற்றில் ஒன்று. ஃபிராங்க்ளின் 5 வரை இறங்கி வந்ததே ஹாதார்னின் அதிர்ஷ்டம். 4-ஆம் இடத்தில் இருந்த ரிச்மண்ட் அவரை விட்டு வேறொருவரை எடுத்தது. அந்தக் கிளப்பின் ரசிகர்கள் இன்றும் அதைச் சொல்லிப் புலம்புவார்கள்.

அவருடைய தனித்தன்மை உயரம் மட்டும் இல்லை. அந்த உயரத்தில், நூறு கிலோவைத் தாண்டிய உடம்போடு, நடுக்கள ஆட்டக்காரரின் வேகத்தில் ஓடுவார். வழக்கமான ஃபுல் ஃபார்வர்ட் கோலுக்கு நேர் எதிரே நின்று, முட்டி மோதி, நேர்கோட்டில் பாய்ந்து வருவார். டோனி லாக்கெட், ஜேசன் டன்ஸ்டால் இருவரும் அந்த ரகம். ஃபிராங்க்ளின் மைதானத்தின் ஓரத்தில், பெரும்பாலும் கோலிலிருந்து 60, 70 மீட்டர் தள்ளிப் பந்தை வாங்கி, திரும்பி, ஓடிக்கொண்டே உதைப்பார். அவரைத் துரத்தப் பெரிய உடம்புக்காரரைப் போட்டால் அவருக்கு வேகம் போதாது. வேகமான சின்ன ஆளைப் போட்டால் அந்த ஆளின் தலைக்கு மேலேயே மார்க் பிடித்துவிடுவார். 2010-இல் எசெண்டனுக்கு எதிராக எல்லைக்கோட்டை ஒட்டி, கேல் ஹூக்கர் பின்னால் விரட்டிவர, அவர் ஓடி உதைத்த கோலில் இது முழுவதும் தெரியும். ஹூக்கர் சாதாரணப் பாதுகாவலர் இல்லை. தூரம் குறையவே இல்லை.

அவருடைய உதையையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நிலையான பந்தில் குறிபார்க்கும் ஆட்டக்காரர், மார்க் பிடித்த இடத்தில் நிற்கும் எதிராளிக்கும் கோலின் நடுவுக்கும் நேராகப் பின்வாங்கி, அந்தக் கோட்டிலேயே ஓடிவந்து உதைக்க வேண்டும். பந்தை ஓங்கிப் போடாமல் கையிலிருந்து பாதத்துக்கு இறக்கிவிட்டு, தலைகீழாகப் பின்னோக்கிச் சுழலும்படி உதைப்பதுதான் டிராப் பண்ட். கோடு நேராக இருந்தால் பிழை குறையும். இடதுகால்காரரான ஃபிராங்க்ளின் நேராக ஓடமாட்டார். இடப்புறமாக ஒரு பெரிய வில்லை வரைந்துகொண்டு வருவார். இடுப்பு திறந்து காலுக்கு நீண்ட வீச்சு கிடைக்கும். 60 மீட்டர் போகும் உதைகள் அதிலிருந்து வந்தவை. ஆனால் உடம்பு ஒரு திசையில் நகர, பந்து இன்னொரு திசையில் போக வேண்டும். பந்தைக் கையிலிருந்து விடும் கணம் கொஞ்சம் தவறினாலும் குறி பிசகும். வடிவியலும் இதில் உண்டு. கோலைப் பார்த்து நிற்கும்போது வலப்புறம் இருந்தால் இடப்பக்கம் நகர நகரக் கோணம் விரியும். இடப்புறம் இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் கோணம் சுருங்கும்.

விதியிலும் சிக்கல். கோட்டை விட்டு விலகினால் நடுவர் 'பிளே ஆன்' என்று சொல்லலாம். சொன்ன உடனே எதிராளி பாய்ந்து வரலாம். அவர் ஓட்டத்தை 'இயல்பான வளைவு' என்று நடுவர்கள் ஓரளவு விட்டுக்கொடுத்ததும் உண்டு, அதற்காக எதிரணி ரசிகர்கள் கொதித்ததும் உண்டு. பயிற்சியாளர்கள் யாரும் அந்த வளைவை நிமிர்த்தாமல் விட்டது சரியென்றே தோன்றுகிறது. நிமிர்த்தினால் துல்லியம் கொஞ்சம் கூடியிருக்கலாம், தூரம் போயிருக்கும். அவரை அவராக்கியது தூரம்தான்.

2008-இல் அவர் 113 கோல் அடித்தார், 88 பிஹைண்ட். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: 201 முறை பந்தைக் கம்பங்களுக்குள் அனுப்பியிருக்கிறார், அதில் 56 விழுக்காடு மட்டுமே கோல். அதிகம் கோல் அடித்தவருக்கான கோல்மன் பதக்கம் லீக் சுற்றுக்கு மட்டும் கொடுக்கப்படுவது. அங்கே 102, மீதி 11 ஃபைனல்ஸ் தொடரில். அந்த ஆண்டு ஹாதார்ன் கோப்பையையும் வென்றது. அதற்குப் பிறகு ஒரே பருவத்தில் யாரும் 100 கோல் அடிக்கவில்லை.

ஏன் அடிக்கவில்லை என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2008-இல் ஹாதார்ன் பயிற்சியாளர் அலஸ்டர் கிளார்க்சன் ஒரு மண்டலப் பாதுகாப்பைக் கொண்டுவந்தார். ஆளுக்கு ஆள் காவல் காப்பதை விட்டுவிட்டு, அணியே ஒரு வலையாக விரிந்து, பந்து நகர நகரத் தானும் நகரும். பந்து வைத்திருப்பவருக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் ஆளே கிடைக்கமாட்டார். வேறு வழியின்றி நீளமாக உதைப்பார், பந்து பறிபோகும். அந்த நேரத்தில் எதிரணியின் பாதுகாவலர்கள் முன்னேறி வந்திருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் பாதி மைதானம் காலி. அந்தக் காலி இடத்தில் ஃபிராங்க்ளின் ஓடுவார். அவருடைய 113-இல் ஒரு நல்ல பங்கு அந்தக் காலி இடத்தின் பங்கு. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் எல்லா அணிகளும் இதைக் கற்றுக்கொண்டு இன்னும் இறுக்கின. ஃபார்வர்டுகள் ஓட வேண்டிய இடத்தில் ஆட்கள் வந்து குவிந்தார்கள். தன் அணி திறந்துவிட்ட வழியிலேயே அவர் உச்சம் தொட்டார். அதே வழியை மற்ற அணிகள் எடுத்தபோது உச்சம் எல்லாருக்கும் கீழே வந்துவிட்டது.

ஆகவே அவர் இன்னும் வெளியே, இன்னும் மேலே நகர்ந்து ஆடினார். 2011-இல் மறுபடி கோல்மன். 2012-இல் லான்செஸ்டனில் நார்த் மெல்பர்னுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 13 கோல். ஆனால் 2013-ஐக் கவனியுங்கள். ஹாதார்ன் கோப்பை வென்ற அந்த ஆண்டில் கோல்மன் பதக்கம் வாங்கியவர் ரஃப்ஹெட். ஃபிராங்க்ளின் 60 கோல். ஜாக் கன்ஸ்டன், லூக் ப்ரூஸ்ட் என்று கோல்கள் பிரிந்து போக ஆரம்பித்திருந்தன. அவர் இல்லாமல் வாழ ஹாதார்ன் அவர் இருக்கும்போதே பழகிவிட்டது. அடுத்து நடந்ததில் இந்தத் தகவல் பெரிய பங்கு வகிக்கிறது.

இப்போது ஒப்பந்தத்துக்கு வருவோம். ஏ.எஃப்.எல்.லில் ஃப்ரீ ஏஜென்சி, அதாவது ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் தானே வேறு கிளப்புக்கு மாறும் உரிமை, 2012 பருவத்தின் முடிவில்தான் வந்தது. அன்றைய விதிப்படி, ஒரு கிளப்பில் எட்டு ஆண்டு ஆடி, ஒப்பந்தம் முடிந்து, அந்தக் கிளப்பின் சம்பளப் பட்டியலில் மேல் கால்பங்கில் இருப்பவர் 'கட்டுப்பாடுள்ள' ஃப்ரீ ஏஜென்ட். வேறு கிளப் அவருக்கு விலை சொன்னால், பழைய கிளப் அதே விலையைத் தானும் தருவதாகச் சொல்லித் தடுக்கலாம். ஒன்பது பருவம் ஆடிய ஃபிராங்க்ளின் இந்த வகை. அவரை வாங்க நினைப்பவருக்கு அவர் சம்மதம் மட்டும் போதாது. ஹாதார்ன் ஈடுகட்ட முடியாத விலையாகவும் அது இருக்க வேண்டும்.

அதற்கு இரண்டு வழி. ஒன்று, ஆண்டுத் தொகையை ஏற்றுவது. ஆனால் எல்லாக் கிளப்புக்கும் பொதுவான சம்பள உச்சவரம்பு இருக்கிறது, அதில் ஒரே ஆளுக்கு அளவுக்கு மேல் கொடுத்தால் மற்ற நாற்பது பேருக்குப் போதாது. இரண்டாவது, ஆண்டுத் தொகையைத் தாங்கும் அளவில் வைத்துக்கொண்டு ஆண்டுகளை நீட்டுவது. ஒரு கோடியை ஒன்பதால் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 11 லட்சம். முதல் ஆண்டுகள் லேசாகவும் பின்னவை கனமாகவும் அமைக்கப்பட்டன. ஹாதார்ன் தடுக்க வேண்டுமானால் 35 வயது வரை பொறுப்பேற்க வேண்டும். மூன்று கோப்பை வெல்லும் தரத்தில் உள்ள அணி, கோல்களைப் பிரித்தடிக்கத் தெரிந்த அணி, அந்தச் சுமையை எதற்காக எடுக்கும்? எடுக்கவில்லை. ஈடாக டிராஃப்டில் முதல் சுற்றின் கடைசியில் ஒரு தேர்வு கிடைத்தது. 2014, 2015 கோப்பைகளையும் ஹாதார்ன் அவர் இல்லாமலே வென்றது.

ஏ.எஃப்.எல். ஒரு பூட்டும் போட்டது. ஃபிராங்க்ளின் நடுவில் ஓய்வுபெற்றாலும் மீதித் தொகை சிட்னியின் வரம்புக் கணக்கில் தொடர்ந்து ஏறும் என்று சொல்லிவிட்டது. அதாவது நீளத்தை ஆயுதமாக எடுத்தவர்கள் அதன் எடையையும் சுமக்க வேண்டும்.

சிட்னி ஏன் அதற்கும் தலையாட்டியது? 1982-இல் சவுத் மெல்பர்னிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கிளப் அது. நகரமோ ரக்பி லீக் நகரம். அங்கே ஆட்களை மைதானத்துக்கு இழுக்க ஒரு பெயர் வேண்டும் என்பது அவர்களுக்குப் பழைய பாடம். 1995-இல் டோனி லாக்கெட்டைக் கொண்டுவந்தபோது கிடைத்த பலனை நேரில் கண்டவர்கள். 2012-இல் மேற்கு சிட்னியில் ஜி.டபிள்யூ.எஸ். ஜயண்ட்ஸ் என்ற புதுக் கிளப்பும் வந்துவிட்டது. ஃபிராங்க்ளின் அங்கேதான் போவார் என்றே எல்லாரும் எதிர்பார்த்திருந்தார்கள். போட்டிக் கிளப்பின் முகமாக ஆகவிருந்தவரைத் தன் முகமாக்கிக்கொண்டது சிட்னி. இதைக் கோல் கணக்கில் அளக்க முடியாது.

கோல் கணக்கில் அளந்தாலும் மோசமில்லை. ஆண்டுவாரியாக: 2014-இல் 79, 2015-இல் 47, 2016-இல் 81, 2017-இல் 73, 2018-இல் 57. முதல் ஐந்து பருவத்தில் 337. இதில் இரண்டு கோல்மன் பதக்கங்கள் உண்டு. 2017-இல் கடைசிச் சுற்றில் கார்ல்டனுக்கு எதிராகப் பத்துக் கோல் அடித்துப் பதக்கத்தைத் தட்டிச் சென்றார். 2018-இல் பெர்த்தின் புதிய மைதானத்தில் நடந்த முதல் ஏ.எஃப்.எல். ஆட்டத்தில் எட்டு. பிறகு 27, பூஜ்யம், 51, 52. கடைசி நான்கு பருவத்தில் 130. மொத்தம் 467, ஒரு கோலுக்குச் சுமார் 21,400 டாலர். கோலில் 72 விழுக்காடு முதல் ஐந்து ஆண்டிலேயே வந்துவிட்டது, பணமோ பின்னால் கனம். நீண்ட ஒப்பந்தங்கள் எல்லாவற்றின் கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பிந்தைய ஆண்டுகளின் சம்பளம் உண்மையில் முந்தைய ஆண்டுகளுக்கான தவணை. 2020-இல் அவருக்குக் கொடுத்தது 2014-க்கான பாக்கி என்று பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

தவணையைக் கட்டியது யார் என்பதுதான் கேள்வி. 2013 முடிவிலேயே சிட்னியின் முதன்மை ரக்மேன் (நடுவர் ஆட்டத்தில் இறக்கும் பந்தை எகிறித் தட்டிவிடும் உயரமான ஆள்) ஷேன் மம்ஃபர்ட் ஜயண்ட்ஸுக்குப் போனார். அவரை வைத்துக்கொள்ள வரம்பில் இடமில்லை. வாழ்க்கைச் செலவுப் படி என்று சிட்னிக்கு வரம்புக்கு மேல் 9.8 விழுக்காடு கூடுதலாக அனுமதிக்கப்பட்டிருந்தது. 2012-இல் இன்னொரு உயரமான ஃபார்வர்ட் கர்ட் டிப்பெட், 2013-இல் ஃபிராங்க்ளின் என்று அடுத்தடுத்து வாங்கியதில் மற்ற கிளப்புகள் கொதித்தெழுந்தன. அந்தப் படி படிப்படியாக ஒழிக்கப்பட்டது. 2014 அக்டோபரில் ஆட்டக்காரர் பரிமாற்றத்துக்கே சிட்னிக்குத் தடை வந்தது, பின்னர் அது தளர்த்தப்பட்டது. விதிக்குள் நின்று செய்த காரியத்துக்கு இப்படியொரு தண்டனை நியாயமா என்பதில் சிட்னிக்காரர்களின் கோபத்தில் எனக்கு உடன்பாடுதான். 2016 முடிவில் நடுக்கள ஆட்டக்காரர் டாம் மிட்செல் கிளம்பினார். போன இடம் ஹாதார்ன். 2018-இல் அங்கே அவர் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரௌன்லோ பதக்கம் வாங்கினார். அதே 2016-இல் டோபி நான்கெர்விஸ் ரிச்மண்ட் போனார், பின்னாளில் அங்கே கேப்டன் ஆனார். எல்லாவற்றுக்கும் ஃபிராங்க்ளின் சம்பளம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் வரம்பு நெருக்கும்போது வெளியேறுவது முதல் வரிசை நட்சத்திரமும் இல்லை, குறைந்த சம்பள இளைஞரும் இல்லை. நடுத்தட்டில் இருந்து ஏறிவருகிறவர். அணியின் ஆழம் அங்கேதான் இருக்கிறது.

கோப்பை வரவில்லை. மூன்று கிராண்ட் ஃபைனல், மூன்றிலும் தோல்வி. 2014-இல் அதே ஹாதார்னிடம் 63 புள்ளியில். ஃபிராங்க்ளின் மட்டும் நான்கு கோல். 2016-இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸிடம் 22 புள்ளியில், அன்று தொடக்கத்திலேயே அவருக்குக் கணுக்காலில் அடி. 2022-இல் ஜீலாங்கிடம் 81 புள்ளியில், அவருக்குக் கோலே இல்லை. 2015 ஃபைனல்ஸில் அவர் ஆடவே இல்லை. மனநலச் சிக்கலுக்குச் சிகிச்சை எடுப்பதாகக் கிளப் வெளிப்படையாக அறிவித்தது. பெரிய ஆட்டக்காரர்களுக்கு இப்படி நேர்ந்தால் தொடைத் தசை என்றோ முதுகு என்றோ சொல்லி மறைத்துவந்த காலம் அதிகம் பின்னால் இல்லை.

உடம்பு எப்போது தளர்ந்தது என்பதற்குத் தேதி குறிப்பிடலாம். 2018-இல் குதிகால் வலியோடு ஆடினார். ஆட்டத்துக்கு ஆட்டம் நடுவில் முழுப் பயிற்சி கிடையாது. 2019-இல் தொடையின் பின்தசை கிழிந்து பத்தே ஆட்டம். 2020 தொடக்கத்தில் முழங்கால், பிறகு மீண்டும் பின்தசை. அந்தப் பருவமே போயிற்று. இதில் ஒரு தொடர்பு உண்டு. ஹாம்ஸ்ட்ரிங் என்று எல்லாரும் சொல்கிற அந்தத் தசை முழு வேக ஓட்டத்தில், கால் முன்னே நீண்டு தரையைத் தொடப்போகும் நொடியில், நீண்டபடியே இழுவிசையைத் தாங்க வேண்டும். நீளமான கால், அதிக எடை, வேகம் மூன்றும் சேர்ந்தால் சுமை பெருகும். அந்தச் சுமைக்குத் தசையைத் தயார்ப்படுத்தும் முக்கிய மருந்துகளில் ஒன்று வாரந்தோறும் முழு வேகத்தில் ஓடிப் பழகுவது. குதிகால் வலிக்கிறது என்று பயிற்சியைக் குறைத்து, சனிக்கிழமை மட்டும் முழு வேகம் கேட்டால் தசை ஒருநாள் விட்டுக்கொடுக்கும். ஒருமுறை கிழிந்தது மறுமுறை கிழிய வாய்ப்பு அதிகம், வயது ஏற ஏற இன்னும் அதிகம்.

திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தார். ஓரத்தில் 70 மீட்டர் ஓட்டம் இல்லை. கோலுக்கு அருகில் நின்று, குறுகிய பாய்ச்சல், மார்க், உதை என்று முன்பு அவர் ஆடாத பழைய பாணி ஃபுல் ஃபார்வர்ட் ஆனார். 2021-இல் வந்த புது விதியின்படி மார்க்கில் நிற்கும் எதிராளி நடுவர் சொல்லும்வரை அசையக் கூடாது. வளைந்து ஓடிவருபவருக்கு அது இடைஞ்சலைக் குறைத்தது. 34, 35 வயதில் 51, 52 கோல் என்பது இந்த மாற்றத்தின் பலன்.

2022 மார்ச் 25 அன்று சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் ஜீலாங்குக்கு எதிராக அவருக்கு ஆயிரத்துக்கு நான்கு கோல் பாக்கி. கடைசிக் கால்பகுதியில் நான்காவதை அடித்தார். கூட்டம் வேலி தாண்டி மைதானத்துக்குள் கொட்டியது, ஆட்டம் அரைமணி நேரத்துக்கு மேல் நின்றது. அவருக்கு முன் ஆயிரம் தொட்டவர்கள் ஐந்தே பேர். ரக்பி லீக் நகரத்தில் அந்த இரவுக்காகவும் சேர்த்துத்தான் சிட்னி பணம் கொடுத்தது.

ஒன்பது ஆண்டை முடித்து, 2023-க்கு மேலும் ஓர் ஆண்டு கையெழுத்திட்டார். 13 ஆட்டம், 19 கோல். ஜூலை கடைசியில் எசெண்டனுக்கு எதிராகக் கெண்டைக்கால் தசை பிடித்துக்கொள்ள, அடுத்த சில நாளில் ஓய்வை அறிவித்தார். மொத்தம் 354 ஆட்டம், 1066 கோல்: ஹாதார்னுக்கு 580, சிட்னிக்கு 486. வரலாற்றில் நான்காம் இடம். முன்னால் லாக்கெட் 1360, கார்டன் காவென்ட்ரி 1299, டன்ஸ்டால் 1254.

ஒப்பிட இன்னோர் ஒப்பந்தம் கையில் இருக்கிறது. ஃபிராங்க்ளினுக்கு ஓராண்டு கழித்து, 2014-இல், புல்டாக்ஸ் 19 வயது டாம் பாய்டை ஏழு ஆண்டு, சுமார் 70 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2016 கிராண்ட் ஃபைனலில் சிட்னியை வீழ்த்தியதில் அவருடைய மூன்று கோலுக்குப் பெரிய பங்கு. 2019-இல், இரண்டு ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் மீதி இருக்கும்போதே, 23 வயதில் ஆட்டத்தை விட்டுவிட்டார். பாய்டின் மொத்த கோல்களை ஃபிராங்க்ளினின் ஒரு நல்ல பருவம் தாண்டிவிடும். ஆனால் ஏழில் மூன்று ஆண்டை இழந்த கிளப்பிடம் 62 ஆண்டுக்குப் பிறகு வந்த கோப்பை இருக்கிறது. ஒன்பதையும் முழுதாகப் பெற்ற சிட்னியிடம் அந்தப் பத்தாண்டுக்கான கோப்பை இல்லை. அந்த ஒப்பந்தங்களில் எது லாபம் என்று புல்டாக்ஸ் ரசிகரிடம் கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வார். சிட்னிக்காரர் 2022 மார்ச் இரவைச் சொல்வார்.